மாலை 290 பயமுறுத்துகிறது, ஆனால் பார்க்க வேண்டியது இரவு 3 மணி: கடும் நோய்க்குப் பின் சர்க்கரையும் இன்சுலினும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் புரியும். அப்பாவுக்கு வயது 64. சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டு, இதுவரை மாத்திரை மட்டும்தான். நிமோனியாவால் 19 நாள் மருத்துவமனையில் இருந்தார், அதில் 8 நாள் ஐசியூ, சில நாள் வென்டிலேட்டர். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. 30/70 கலவை இன்சுலின் காலை 24 யூனிட், இரவு 16 யூனிட். ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை காலையில் 30 மி.கி., வாரத்துக்கு 5 மி.கி. வீதம் குறைத்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் 95 முதல் 110, மாலை 5 மணிக்கு 280, 290. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. தட்டில் வைத்ததில் பாதிகூட இறங்குவதில்லை. "மாலைச் சர்க்கரை குறைய இரவு இன்சுலினைக் கூட்டலாமா, இந்த ஊசி ஆயுசுக்கும்தானா?" என்பது நீங்கள் கேட்டது. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: சர்க்கரைக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பதா, உடம்பு தேற நிறையக் கொடுப்பதா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் ஊசி, மீட்டர், உணவு எல்லாம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. கீழே எங்கும் 'இத்தனை யூனிட் போடுங்கள்' என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் இரவு ஊசியை நீங்களாகக் கூட்டாதீர்கள் என்பதைத் தயங்காமல் சொல்லலாம்.

காரணம் இது. ப்ரெட்னிசோலோனைக் காலை 8 மணிக்கு விழுங்கினால் அது சர்க்கரையை ஏற்றும் வேலை நண்பகலுக்கு மேல்தான் சூடு பிடிக்கும். மாலையில் உச்சம், இரவில் தளர்ந்து, விடியும்போது ஏறக்குறைய ஓய்ந்துவிடும். அதனால்தான் காலையில் 100, மாலையில் 290. இரண்டும் ஒரே உடம்பின் எண்கள்தான், மீட்டர் கெட்டுவிடவில்லை. (டெக்ஸாமெதசோன் என்ற வேறு ஸ்டீராய்டு என்றால் கதை வேறு. அது ஒன்றரை நாளுக்கு மேல் நிற்கும், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துத் தூக்கும்.) இரவு போடும் கலவை இன்சுலினில் எழுபது பங்கு மெதுவாக வேலை செய்யும் வகை. இரவு 8 மணிக்குப் போட்டால் அதன் வேகம் நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரை. அதாவது ஸ்டீராய்டு ஓய்ந்திருக்கும் நேரத்தில் இன்சுலின் உச்சத்தில் நிற்கிறது. காலை 95 என்பது படுக்கையிலிருந்து எழுந்தபின் எடுத்த எண். 3 மணிக்கு அது 65 ஆக இருந்திருக்கலாம், 110 ஆகவும் இருந்திருக்கலாம். பார்த்தால் தவிரத் தெரியாது. மாலை 290-ஐக் குறைக்க இரவு ஊசியைக் கூட்டினால் மாலை எண் பெரிதாக அசையாது, 3 மணி எண் பாதாளத்துக்குப் போகும். மாலை உச்சத்தோடு மோத வேண்டியது காலை ஊசி. அல்லது மதியச் சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு சிறிய ஊசி. இதை மருத்துவரிடம் இதே சொற்களில் கேளுங்கள்.

இதைவிட முக்கியமானது அடுத்த ஐந்தாறு வாரம். கடும் நோயில் கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான் என்ற ஹார்மோன்கள் எல்லாம் ஏறிக் கல்லீரலிலிருந்து சர்க்கரையைக் கொட்டவைக்கும், காய்ச்சலும் கிருமியும் இன்சுலினை மந்தமாக்கும், மேலே ஸ்டீராய்டு. அத்தனையையும் சேர்த்துச் சமாளிக்கத்தான் 40 யூனிட் எழுதினார்கள். அந்தச் சீட்டு டிஸ்சார்ஜ் ஆன அன்றைய உடம்புக்கு எழுதியது. நோய் விலகுகிறது, ஸ்டீராய்டு 30, 25, 20 என்று இறங்குகிறது, தசை திரும்புகிறது. சீட்டில் உள்ள 24-ம் 16-ம் மட்டும் அப்படியே நிற்கின்றன. மருத்துவமனையில் இருந்தவரை உயர் சர்க்கரை எதிரி. வீட்டில், முதல் மாதத்தில், எதிரி பக்கம் மாறிவிடுகிறது. தாழ் சர்க்கரையில் மயங்கி மறுபடி ஆம்புலன்ஸில் போகிறவர்கள் பலர் இந்த இடைவெளியில்தான் போகிறார்கள். ஆகவே மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டியது ஒரே ஒரு தாள்: ஸ்டீராய்டின் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் அந்த வாரத்துக்கான காலை யூனிட், இரவு யூனிட். இடப்பக்கம் தேதி. அடுத்த சந்திப்பு ஒரு மாதம் கழித்து என்றால் அதுவரை காத்திருக்காமல் தொலைபேசியிலாவது கேட்டுவிடுங்கள்.

ஸ்டீராய்டைப் பற்றி இன்னொன்று. மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. உடம்பின் சொந்தக் கார்டிசால் சுரப்பு தூங்கிப்போயிருக்கும். முறையாகக் குறைத்தவர்களிலும் சிலருக்கு அது எழ நாளாகும். மாத்திரை கடைசிப் படியில் இருக்கும்போதோ நின்ற பிறகோ கடும் அசதி, வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், அதோடு காரணமில்லாமல் சர்க்கரை இறங்குதல், இவை சேர்ந்து வந்தால் "நோய் வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். அன்றே மருத்துவமனை.

எப்போது சோதிப்பது? தினம் பத்து முறை விரலைக் குத்த வேண்டாம். நான்கு நேரம் போதும்: காலை உணவுக்கு முன், மதிய உணவுக்கு முன், இரவு உணவுக்கு முன், படுக்கும்போது. இதோடு ஸ்டீராய்டு குறையும் ஒவ்வொரு முறையும் அடுத்த இரண்டு இரவு 3 மணிக்கு ஒரு சோதனை. காலையில் வெறும் வயிற்றில் பார்த்து 'நார்மல்' என்று நிம்மதி அடைவது ஸ்டீராய்டு எடுப்பவருக்குப் பயன்படாத பழக்கம். அதேபோல, காலை எண் திடீரென 200 என்று வந்தால் சிலர் உடனே "இரவில் தாழ்ந்து, பிறகு எகிறியிருக்கிறது" என்பார்கள். அப்படி எகிறுவது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. விடியற்கால ஹார்மோன்களோ இன்சுலின் போதாமையோ காரணமாக இருப்பதே அதிகம். ஊகிக்க வேண்டாம், 3 மணிக்கு ஒரு சொட்டு ரத்தம் பதில் சொல்லிவிடும்.

மீட்டரின் எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தரம் வாய்ந்த மீட்டருக்கே 100-க்கு மேல் 15 சதவீதம் முன்பின் அனுமதி உண்டு. 290 என்று காட்டினால் உண்மை 250 ஆகவும் இருக்கலாம். பழம் உரித்த விரலைத் துடைக்காமல் குத்தினால் 100 இருப்பவருக்கு 200-க்கு மேல்கூடக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் பழச்சாறு முழுவதும் போகாது, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறும். இவையெல்லாம் பலருக்கும் தெரிந்தவை. தெரியாத ஒன்று: ஐசியூவிலிருந்து வருபவர்களுக்கு ரத்தசோகை சாதாரணம். சிவப்பணு குறைந்த ரத்தத்தில் பல மீட்டர்கள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அப்பாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். அது 8, 9 என்று இருந்தால் மீட்டர் காட்டும் 80-ஐ 80 என்று நம்ப வேண்டாம். சர்க்கரையைக் காட்டும், கையில் ஒட்டும் சென்சார் வைத்திருந்தால், அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்கும்போது அழுத்தத்தால் பொய்யாகத் தாழ் எண் காட்டும். விரலில் ஒரு முறை குத்தி உறுதி செய்துகொள்ளுங்கள்.

70-க்குக் கீழே போனால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மட்டமாக அள்ளிய மூன்று முதல் நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அல்லது 150 மில்லி பழச்சாறு. கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். மறு சோதனை. இன்னும் 70-க்குக் கீழ் என்றால் அதே அளவு மறுபடி. ஏறியபின் அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ஏதாவது சிற்றுண்டி. பதறிப்போய் அரை டப்பா குளுக்கோஸைக் கொட்டுவதும் தவறு; இரண்டு மணி நேரம் கழித்து 350 காட்டும், அதற்குப் பயந்து ஊசியைக் கூட்டுவார்கள், சக்கரம் சுற்றும். சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். மாவுச்சத்து செரிப்பதைத் தாமதமாக்கும் அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, தூய குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் போட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். இதயத்துக்காக பீட்டா பிளாக்கர் எடுப்பவரானால் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மறைவதில்லை. இரவில் தலையணை நனைந்திருந்தால், கெட்ட கனவு கண்டு புலம்பினால், காலையில் தலைவலியோடு எழுந்தால், இரவில் சர்க்கரை தாழ்ந்ததா என்று சந்தேகப்படுங்கள்.

அப்பா வென்டிலேட்டரில் இருந்தவர் என்பதால் இங்கே ஓர் எச்சரிக்கை. குழாய் எடுத்தபின் சில வாரங்கள் விழுங்கும் திறன் குறைந்திருக்கலாம். தண்ணீர் குடித்ததும் இருமல், குரலில் ஈரம் கட்டிய சத்தம், சாப்பாடு முடிய நெடுநேரம், இவை அதன் அடையாளம். அப்படி இருந்தால் பழச்சாறே மறுபடி நிமோனியாவுக்கு வழி. குளுக்கோஸ் ஜெல் வாங்கி வையுங்கள். விழுங்கும் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். சாப்பாடு பாதிகூட இறங்கவில்லை என்கிறீர்களே, அதற்கே இது காரணமாக இருக்கலாம். நாக்கில் வெள்ளை படிந்து எரிகிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், உயர் சர்க்கரை மூன்றும் சேர்ந்தால் வாயில் பூஞ்சை வரும். சில நாள் மருந்தில் போய்விடும், பசியும் திரும்பும்.

ஊசி போடும் முறையில் ஐந்து நிமிடம் செலவழித்தால் பாதிக் குழப்பம் தீரும். கலவை இன்சுலின் பால்போல் இருக்கும், அடியில் தங்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகக் கவிழ்க்க வேண்டும், குலுக்கக் கூடாது. இதைச் செய்யாமல் போட்டால் ஒரு நாள் தெளிந்த பகுதி அதிகம், மறுநாள் கெட்டிப் பகுதி அதிகம், சர்க்கரை ஏன் தாறுமாறு என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். இன்சுலின் பேனா என்றால் ஒவ்வொரு முறையும் 2 யூனிட் காற்றில் தள்ளி ஊசி முனையில் சொட்டு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், அழுத்தியபின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காதீர்கள். குப்பியும் சிரிஞ்சும் என்றால் குப்பியில் 40 (ஒரு மில்லியில் உள்ள யூனிட்) என்று இருந்தால் சிரிஞ்சிலும் 40, குப்பியில் 100 என்றால் சிரிஞ்சிலும் 100. மாறினால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும், உயிர்ப் பிரச்சினை. வயிற்றில் ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கு அடியில் ரப்பர்போல் கட்டி எழும்பும். வலிக்காது என்பதால் அதே இடத்தில் குத்தப் பிடிக்கும், மருந்தோ ஒழுங்காக ஏறாது. கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தால் தட்டுப்படும். ஒவ்வொரு முறையும் ஒரு விரலகலம் தள்ளிக் குத்துங்கள். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே யூனிட் பலமாக வேலை செய்யும், அன்று சர்க்கரை தாழலாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில், உறையாமல். திறந்தது 30 டிகிரிக்குக் கீழ் நான்கு வாரம். திறந்த தேதியைப் பேனாவிலேயே ஒட்டிவிடுங்கள்.

சாப்பிடுவாரா மாட்டாரா என்று தெரியாத ஒருவருக்குச் சாப்பாட்டுக்கு முன் முழு அளவையும் போட்டுவிட்டு, பிறகு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சுவது பல வீடுகளில் நடக்கிறது. பழைய ரெகுலர் வகை கலந்த 30/70 சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட வேண்டியது. அனலாக் என்ற புது வகைக் கலவை, சாப்பிடும் நேரத்திலேயே போடக்கூடியது. பசி நிச்சயமில்லாத நாட்களில் சாப்பிட்ட உடனே, சாப்பிட்ட அளவைப் பார்த்துப் போட மருத்துவர் அனுமதிப்பதும் உண்டு. அப்பாவுக்கு எந்த வகை, மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஐசியூவுக்குப் பின் மறதி சில மாதம் இருக்கும். ஊசி போட்டாரா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது முறை போடாதீர்கள். போட்ட கையோடு நோட்டில் நேரம் எழுத வேண்டும், அதுவும் வீட்டில் ஒருவரே பொறுப்பாக.

பழைய மருந்து டப்பாவை இன்றே எடுத்து ஓரம் கட்டுங்கள். மருத்துவமனைக்கு முன் எடுத்த கிளிமெபிரைடோ கிளிக்ளசைடோ இன்னும் இருக்கும். "சர்க்கரை 290 இருக்கிறதே, ஒன்று போட்டுக்கொள்ளலாம்" என்று கை போகும். அந்த வகை மாத்திரையால் சர்க்கரை தாழ்ந்தால் குளுக்கோஸ் கொடுத்து ஏறியபின்பும் மறுபடி மறுபடி இறங்கும், ஒரு நாள் முழுவதும் காவல் இருக்க வேண்டிவரும். லெவோஃப்ளாக்ஸசின், கோட்ரைமாக்சசோல், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் அந்த ஆபத்தைக் கூட்டும். மெட்ஃபார்மினை வாந்தி, வயிற்றுப்போக்கு, நீர் வற்றல் உள்ள நாட்களில் நிறுத்திவைப்பது வழக்கம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையும் அப்படியே. அவற்றில் கூடுதல் சிக்கல், சர்க்கரை 200 இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருள்) ஏறி அமிலமாகிவிடலாம். சாப்பிடாமல் கிடக்கும் உடம்பில் அதற்கு வாய்ப்பு அதிகம். மீட்டர் எண் பயமுறுத்தாது. குமட்டல், வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு இவைதான் காட்டிக்கொடுக்கும். சாப்பாடு இறங்காத அன்று இன்சுலினை முழுவதுமாக நிறுத்துவதும் கூடாது. எவ்வளவு குறைப்பது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

சிறுநீரகம் குறித்து ஒரு நுணுக்கம். 'கிரியேட்டினின் 0.7, நார்மல்' என்று தாளில் இருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தவருக்குச் சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும் அந்த எண் குறைவாகவே இருக்கும். சிறுநீரகம் மந்தமானால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். காரணம் தெரியாமல் சர்க்கரை தாழ்ந்துகொண்டே இருந்தால் தசையைப் பொறுத்திராத சிறுநீரகப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி செய்யலாமா என்று கேளுங்கள்.

இனி அந்த வீட்டுச் சண்டை. இந்த இரண்டு மாதத்தில் தெம்பு முதலில், சர்க்கரை நுணுக்கம் பிறகு. இப்படிச் சொல்வதற்குப் பின்னணி உண்டு. ஐசியூவில் சர்க்கரையை 81 முதல் 108-க்குள் இறுக்கிப் பிடித்தால் நல்லதா என்று 6,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2009-இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வு அது. இறுக்கிப் பிடித்தவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 27.5 சதவீதம், 180-க்குக் கீழ் என்று தளர்த்தி வைத்தவர்களில் 24.9. இதை அப்படியே வீட்டுக்குப் பொருத்த முடியாது. அது ஐசியூ, இது வீடு. ஆனால் பலவீனமான உடம்பில் கச்சிதமான எண்ணைத் துரத்துவது நன்மை தராது என்ற எண்ணம் மருத்துவத்தில் வேரூன்றியது அதன்பிறகுதான். அப்பாவின் நிலையில் உள்ளவருக்குச் சாப்பாட்டுக்கு முன் 90 முதல் 150, படுக்கும்போது 100 முதல் 180 என்பது பலர் ஒப்புக்கொள்ளும் வட்டம். 290 நல்லதல்ல, நீர் வற்றும், தொற்று வரும், புண் ஆறாது. அதைக் குறைக்க வேண்டியது காலை மருந்தைச் சரிசெய்து, தட்டைப் பிடுங்கி அல்ல.

ஐசியூ நோயாளிகளின் தொடைத் தசையை அளந்து பார்த்ததில் முதல் 10 நாளிலேயே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கரைந்திருந்தது. சாப்பிட்ட சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசை. தசை போனால் அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை அதிகம் ஏறும். ஆக, புரதமும் பயிற்சியும் சர்க்கரைக்கான வைத்தியமும்தான். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது நோயிலிருந்து தேறும் முதியவர்களுக்கான பொதுப் பரிந்துரை. 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 அல்லது 7 கிராம் என்று கணக்குப் போட்டால் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தெரியும். சிறுநீரக நோய் உள்ளவருக்கு இந்த அளவு பொருந்தாது, கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று பெரிய வேளைக்குப் பதில் ஐந்தாறு சிறு வேளை. தட்டில் புரதத்தை முதலில் சாப்பிடவையுங்கள், பாதியில் எழுந்தாலும் அதாவது உள்ளே போயிருக்கும். சத்துமாவுப் பானம் வாங்கினால் முன்பக்க விளம்பரத்தைப் படிக்காமல் பின்பக்கம் ஒரு வேளைக்கு மாவுச்சத்து எத்தனை கிராம் என்று பாருங்கள். வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில் எடை பாருங்கள். குறைந்துகொண்டே போனால் உணவியலாளர் தேவை.

நாற்காலியிலிருந்து எழுவதுதான் முதல் பயிற்சி, வேறெதுவும் வேண்டாம். இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். நாற்காலி சுவரோடு ஒட்டி இருக்கட்டும். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, பிறகு எழ வேண்டும். நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பதால்தான் பலரால் முடிவதில்லை. ஐந்து முறை, நாளுக்கு மூன்று வேளை, உட்காரும்போது மெதுவாக, தொப்பென்று விழாமல். எளிதானதும் மெத்தையை எடுத்துவிடுங்கள். சாப்பிட்டபின் ஐந்து நிமிடம் வீட்டுக்குள் நடை, வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டலாம். தொடங்குமுன் சர்க்கரை 100-க்குக் கீழ் என்றால் 15 கிராம் மாவுச்சத்து கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். படுக்கையிலிருந்து எழும்போது இரண்டு நிமிடம் விளிம்பில் உட்காரட்டும்; நீண்டநாள் சர்க்கரையில் நரம்பு பாதித்திருந்தால் எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கி விழுவார்கள். மருத்துவர் சொன்ன அளவுக்குக் கீழ் ஆக்சிஜன் இறங்கினால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

பாதங்களைப் பார்க்கும்போது குதிகாலைப் பாருங்கள். வழக்கமாக விரல் இடுக்குகளைத்தான் பார்ப்பார்கள், ஆனால் மூன்று வாரம் மல்லாந்து கிடந்தவருக்குக் குதிகாலின் பின்புறம்தான் அழுந்திக் கறுக்கும். உணர்ச்சி குறைந்த காலில் வலி தெரியாது. சிவப்போ கறுப்போ இருந்தால் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள், இரண்டு நாளில் காட்டுங்கள். தோல் பிரிந்திருந்தால் அன்றே. வெந்நீர்ப் பை காலில் வேண்டவே வேண்டாம். பார்வை மங்கலாக இருக்கிறது என்று அவர் சொன்னால் புதுக் கண்ணாடிக்கு அவசரப்படாதீர்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை உப்பி வடியும், சர்க்கரை நிலைத்து ஆறேழு வாரம் போகட்டும். விழித்திரைப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பார்வையில் திடீர்க் கரும்புள்ளிகளோ திரையோ விழுந்தால் அது அவசரம்.

ஆயுசுக்கும் ஊசியா என்பதற்கு வருகிறேன். நோயும் ஸ்டீராய்டும் கூட்டிய பங்கு இறங்கும் என்பது உறுதி. மாத்திரையில் இருந்து இப்படி இன்சுலினுக்கு வந்தவர்கள் பலர் மாத்திரைக்கே திரும்புகிறார்கள். அப்பா திரும்புவாரா என்பது 14 ஆண்டில் அவருடைய கணையம் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை இப்போது யாரும் அடித்துச் சொல்ல முடியாது. துப்பு ஒன்று உங்கள் கையிலேயே இருக்கலாம். சேர்க்கும்போது எடுத்த ஹெச்பிஏ1சி டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறதா பாருங்கள். அது நோய்க்கு முந்தைய இரண்டு மூன்று மாதத்தின் கணக்கு. 7 அளவில் இருந்திருந்தால் பழைய மாத்திரைகள் வேலை செய்துகொண்டிருந்தன, நம்பிக்கை அதிகம். 10, 11 என்றால் நிமோனியா வராவிட்டாலும் இன்சுலின் வாசலுக்கு வந்திருக்கும். இப்போது புதிதாக ஹெச்பிஏ1சி எடுத்து அதை நம்பாதீர்கள். ரத்தம் ஏற்றியிருந்தால், ரத்தசோகை இருந்தால் அது பொய் சொல்லும். ஏற்றியிருந்தால் மூன்று மாதம் கழித்து எடுங்கள். சி-பெப்டைடு என்ற பரிசோதனை கணையத்தின் சுரப்பைக் காட்டும். அதையும் ஸ்டீராய்டு நின்று, சர்க்கரை சில வாரம் அடங்கிய பிறகு செய்தால்தான் பொருள்.

அதுவரை, 54-க்குக் கீழ் ஒரு முறை அல்லது 70-க்குக் கீழ் ஒரே வாரத்தில் இரண்டு முறை போனால் மருந்தளவு அன்றே மாற வேண்டும், மருத்துவரை அழையுங்கள். 300-க்கு மேல் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, நான்கு மணி நேரமாக எதுவும் வயிற்றில் தங்காத வாந்தி, ரத்தக் கீட்டோன் 1.5-க்கு மேல், மூச்சு வாங்குதல், திரும்பி வரும் காய்ச்சல், எழுப்பினால் சரியாகக் கண் திறக்காத மயக்கம் இவற்றுக்கு நேராக மருத்துவமனை. அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: கடைசி மூன்று நாளின் எண்கள் நேரத்தோடு, போட்ட யூனிட், இன்றைய ஸ்டீராய்டு அளவு, நேற்று தட்டில் எவ்வளவு இறங்கியது. இன்று இரவு 3 மணி எண்ணைப் பார்த்துவிட்டால், நாளை காலை மருத்துவரிடம் பேச உங்களிடம் ஒரு விஷயம் இருக்கும்.